இன்டர்ன்களை வார்டுக்குப் பழக்குவது எப்படி?

கேள்வி: குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேலை செய்கிறேன். முதுநிலை முடித்த இரண்டு இன்டர்ன்கள் ஆறு மாதப் பயிற்சிக்கு வரப்போகிறார்கள். போன முறை வந்தவர்கள் பெரும்பாலும் ஓபியில் உட்கார்ந்து ஐக்யூ டெஸ்ட் எடுத்தார்கள். வார்டுக்கு அனுப்பியபோது, "குழந்தையோடு விளையாடிவிட்டுப் போகிறார்கள், எங்களுக்கு என்ன பயன்?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். ஒருவர் புற்றுநோய் வார்டில் இரண்டாம் நாளே அழுதுவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போக மறுத்துவிட்டார். இருவரும் படிப்பில் கெட்டிக்காரர்கள். இந்த முறை எதிலிருந்து தொடங்கி, எந்த வரிசையில் சொல்லித்தருவது?

பதில்:

டாக்டர்களின் குறையையும் அழுத இன்டர்னையும் இரண்டு பிரச்சினைகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. கையில் ஒரு கேள்வியும் இல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல் அவர்கள் படுக்கையருகே போயிருக்கிறார்கள். அப்படிப் போகிறவருக்கு விளையாடுவதுதான் பத்திரமான வேலை. விளையாட்டு பலிக்காத வார்டில் அழுகை வருகிறது.

அவர்கள் படித்த உளவியல், கதவு சாத்திய அறையில் ஐம்பது நிமிடம் தடையில்லாமல் பேசுவதற்கானது. வார்டில் ஏழாவது நிமிடம் நர்ஸ் பிரஷர் பார்க்க வருவார், பத்தாவது நிமிடம் எக்ஸ்ரேவுக்குக் கூப்பிடுவார்கள். உளவியலாளர் வேண்டுமென்று அந்தக் குழந்தை கேட்கவில்லை, கேட்டவர் டாக்டர். பல நேரம் அம்மாவுக்கே விஷயம் தெரியாது. ஆகவே சிகிச்சை முறைகளை மேலும் கற்றுத்தருவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தருகிற வேலையை முதலில் பழக்குங்கள்.

முதல் வாரம் ஒரு குழந்தையையும் அவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம். தடுப்பூசி விவரங்களை வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்: தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி, இன்ஃப்ளூயன்ஸா. எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைக்கு இன்டர்ன் கொண்டுவரும் சின்னம்மை உயிருக்கே ஆபத்து. கை கழுவுவதை நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. சில வயிற்றுப்போக்குக் கிருமிகளின் ஸ்போர்களை (தடித்த ஓடுடைய விதை போன்ற வடிவங்களை) ஆல்கஹால் கொல்லாது; அந்த அறையிலிருந்து வந்தால் சோப்புதான். உளவியல்காரர்கள் தவறுவது பெரும்பாலும் கையில் அல்ல, பையில். ஒரே பொம்மை, ஒரே கலர் பென்சில் டப்பா படுக்கை படுக்கையாகப் போகும். துணி பொம்மை தனிமை அறைக்குள் போகவே கூடாது. துடைக்க முடிகிற பிளாஸ்டிக் பொருளாக இருக்கட்டும், ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துடைக்கட்டும். காகிதம், கிரயான் எல்லாம் அந்தக் குழந்தையிடமே விட்டுவிட்டு வரலாம்.

அதே வாரத்தில் கேஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொடுங்கள். மருத்துவம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. நோயின் பெயர் என்ன, அந்தப் பெயர் குழந்தைக்குத் தெரியுமா, என்னென்ன மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, இரவில் எத்தனை முறை எழுப்பப்படுகிறது, கூட இருப்பவர் யார் என்று பார்க்கத் தெரிந்தால் போதும். மருந்துத் தேதியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கு டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் தொடங்கிய சில நாளிலேயே குழந்தை எரிந்து விழும், தூங்காது, ஓயாமல் சாப்பாடு கேட்கும். வலிப்புக்குத் தரும் லெவெடிராசெட்டம் சில குழந்தைகளைக் கோபக்காரர்களாக்கிவிடும். இது தெரியாத இன்டர்ன் "நோயை ஏற்றுக்கொள்ள முடியாமல் கோபப்படுகிறான்" என்று அழகாக எழுதிவிடுவார். நடத்தை மாறிய தேதியையும் மருந்து தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பாதி விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும்.

ஐசியூவில் இதைவிடப் பெரிய பிழை நடக்கும். குழந்தை அமைதியாக, யாரையும் பார்க்காமல், அம்மா கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடக்கும். "மனச்சோர்வு" என்று ரெஃபரல், அதாவது உளவியலாளர் வந்து பார்க்கச் சொல்லும் டாக்டரின் சீட்டு, வரும். அது டெலிரியமாக இருக்கலாம். கத்தி ஆர்ப்பாட்டம் செய்யாத, அடங்கிய வகை டெலிரியம். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று மாறிக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். இதற்குக் கார்னெல் அளவுகோல் இருக்கிறது: எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் போனால் டெலிரியத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நர்ஸே போடக்கூடியது. டெலிரியம் என்றால் மூளை தடுமாறுகிறது, அதற்குக் காரணம் உடம்பில் இருக்கிறது. இன்டர்ன் கவுன்சலிங் தொடங்கக் கூடாது. அந்த மணி நேரத்திலேயே டீமுக்குச் சொல்ல வேண்டும்.

இனி ரெஃபரல். "ஒத்துழைக்கவில்லை", "கவுன்சலிங் தேவை" என்று இரண்டு சொல்லில்தான் சீட்டு வரும். அந்தச் சீட்டோடு படுக்கைக்குப் போகக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். முதலில் எழுதியவருக்குப் போன் போட்டு நான்கு விஷயம் கேட்க வேண்டும். குழந்தை சரியாக என்ன செய்தது? அதனால் எந்தச் சிகிச்சை நிற்கிறது? எப்போதைக்குள் பதில் வேண்டும்? உளவியலாளர் வரப்போவது குடும்பத்துக்குத் தெரியுமா? இரண்டு நிமிடப் பேச்சுதான். பிறகு சீட்டை ஒரே வாக்கியக் கேள்வியாக மாற்றி எழுதி உங்களிடம் காட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படி யோசித்துப் பாருங்கள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது ஒன்பது வயதுப் பெண் உதைக்கிறாள். "ஒத்துழைக்கவில்லை" என்று சீட்டு வருகிறது. போன் செய்தால், மயக்க மருந்து இல்லாமல் கட்டு மாற்ற வழியுண்டா என்பதுதான் டாக்டரின் உண்மையான கேள்வி என்று தெரியும். மருந்துச் சீட்டைப் பார்த்தால், வாய்வழி வலிமருந்து கட்டு மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்புதான் தரப்படுகிறது. அது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவளுக்கு வலிக்கிறது, அதனால் உதைக்கிறாள். மருந்து நேரத்தை முன்னே தள்ளலாமா என்று கேட்பதே இங்கே இன்டர்ன் செய்ய வேண்டிய முதல் வேலை. மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம். "என்ன பயன்?" என்ற கேள்வி இதுபோன்ற ஒரு குறிப்புக்குப் பிறகு எழாது.

இரண்டாம் வாரத்திலிருந்து ஊசி, ஐவி, ரத்தம் எடுத்தல். தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. தினமும் நடக்கும், பத்து நிமிடத்தில் முடியும், பலித்ததா இல்லையா என்று எல்லாருக்கும் கண்முன்னே தெரியும்.

முதலில் வலியை அளக்கட்டும். பேசாத குழந்தைக்கு ஃப்ளாக் அளவுகோல்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2, ஆகப் பத்துக்கு மதிப்பெண். ஏறக்குறைய நான்கு வயதிலிருந்து ஆறு முகப் படங்கள். இதில் இன்டர்ன்கள் தவறாமல் செய்யும் பிழை, "இது சிரிக்கிற முகம், இது அழுகிற முகம்" என்று விளக்குவது. குழந்தை உடனே தன் மனநிலையைக் காட்டிவிடும். "இதுக்கு வலியே இல்ல, இதுக்கு ரொம்ப ரொம்ப வலி" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். எட்டு வயதுக்கு மேல் எண்ணிலேயே கேட்கலாம்.

ஊசிக்கு முந்தைய தயாரிப்பில் நேரக் கணக்கு முக்கியம். மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன், பிரைலோகெய்ன் கலந்த கிரீம் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடியிருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் தடவிவிட்டு "கிரீம் போட்டும் அழுகிறான்" என்று சொல்வதை எந்த வார்டிலும் கேட்கலாம். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஊசியைப் பற்றிச் சில நிமிடம் முன்பு சொன்னால் போதும், நான்கைந்து வயதுக்கு அன்று காலை. பெரிய பிள்ளைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், அவர்களுக்கு யோசிக்கவும் கேள்வி கேட்கவும் நேரம் வேண்டும். படுக்க வைத்து நாலு பேர் அமுக்காமல், அம்மா மடியில் நெஞ்சோடு சாய்த்து உட்கார வைப்பது இயன்ற இடத்தில் எல்லாம் நல்லது. படுத்த நிலையில் குழந்தைக்குப் பயம் கூடும்.

பேச்சுதான் கடினம். "வலிக்காது" என்பது பொய். ஒரு தடவைதான் செல்லும். "ஒண்ணுமில்லடா கண்ணா, பரவாயில்ல, முடிஞ்சிடும்" என்று திரும்பத் திரும்பத் தேற்றுவதும், "சாரிடா" என்று மன்னிப்புக் கேட்பதும் பயத்தைக் குறைப்பதில்லை, பெரும்பாலும் கூட்டுகிறது. ஏதோ மோசமானது வருகிறது, அம்மாவே கலங்குகிறாள் என்று குழந்தை அதிலிருந்து புரிந்துகொள்கிறது. ஆய்வுகள் பல காலமாகக் காட்டிவருவது இதையே. ஆனாலும் அன்பாகத் தோன்றுவதால் விட மனம் வராது. மாற்றாகச் செய்ய ஒரு வேலை கொடுக்க வேண்டும்: சோப்புக் குமிழி ஊது, இந்தப் படத்தில் எத்தனை நாய் என்று எண்ணு, நீ இந்தக் கையைப் பார்க்கிறாயா, திரும்பிக்கொள்கிறாயா? உண்மையில் தேர்வு இருக்கிற இடத்தில் மட்டும் தேர்வைக் கொடுங்கள். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை "வேண்டாம்" என்றதும் போட்டால் அது துரோகம்.

அறையில் ஒரே குரல் கேட்க வேண்டும். நர்ஸ், அம்மா, இன்டர்ன் மூவரும் சேர்ந்து "மூச்சு இழு" என்றால் எதுவும் நடக்காது. யார் பேசுவது என்று கதவுக்கு வெளியே முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள். முடிந்தால் அது அம்மாவாகவே இருக்கட்டும். அடுத்த ஊசிக்கு இன்டர்ன் இருக்கமாட்டார், அம்மா இருப்பார்.

ஊசியைப் பார்த்து மயங்கி விழும் பிள்ளைகள் தனி ரகம், பெரும்பாலும் பதின்வயது. இவர்களுக்கு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி கொடுப்பது தலைகீழான வேலை. ஏற்கெனவே இறங்கப்போகும் ரத்த அழுத்தம் மேலும் இறங்கும். கை கால் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி இயல்பாக விட்டு, மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும். ஐந்து சுற்று. ஊசி போடும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். "நீ முன்னே எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியா?" என்ற கேள்வியைப் பயிற்சிக்கு முன்னால் கேட்கத் தவறினால் இந்தப் பிழை நடக்கும்.

இதையெல்லாம் நேராகக் குழந்தையிடம் செய்து பார்க்கக் கூடாது. ஒரு இன்டர்ன் குழந்தை, இன்னொருவர் அம்மா, நீங்கள் நர்ஸ் என்று நடித்துப் பாருங்கள். கையில் கடிகாரம். குறைந்தது ஐந்து முறை. மூன்றாவது முறை வரை எல்லார் வாயிலும் "ஒண்ணுமில்லடா" வந்துகொண்டே இருக்கும்.

தனியாக ஒப்படைக்கும் முதல் வேலையாக மாத்திரை விழுங்கப் பழக்குவதைக் கொடுக்கலாம். கேக் மேல் தூவும் சர்க்கரை மணி அளவில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய மிட்டாய், கடைசியில் மாத்திரை அளவு. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஒரு அளவில் இரண்டு முறை தவறினால் கீழே ஒரு படி இறங்கி, அங்கே விழுங்கிக் காட்டியதும் நிறுத்திவிட வேண்டும்; தோல்வியில் முடிக்கக் கூடாது. குழந்தைக்கு விழுங்குவதில் உடல் சிக்கல் இல்லை என்று டாக்டரிடம் முன்பே உறுதி செய்துகொள்வது கட்டாயம். நேரம் எடுத்துக் கரையும் மாத்திரைகளைப் பொடிப்பது ஆபத்து என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நோயைப் பற்றிய பேச்சு அடுத்து வரும். சின்னக் குழந்தை, தான் செய்த தப்புக்குத் தண்டனையாகத்தான் நோய் வந்தது என்று எளிதில் நம்பிவிடும். யாரும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சாவு என்றால் திரும்பி வராதது, எல்லாருக்கும் வருவது, உடம்பு முழுக்க நின்றுபோவது என்ற புரிதல் ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகிறது. நீண்ட நாள் நோயாளிக் குழந்தைகளுக்கு இது சில நேரம் முன்பே வந்துவிடும். நோயின் பெயரை முதலில் சொல்வது இன்டர்னின் வேலை அல்ல. ஆனால் "நான் செத்துப்போயிடுவேனா?" என்ற கேள்வி, டாக்டரை விட்டுவிட்டு, கூடவே உட்கார்ந்து படம் வரைகிற இன்டர்னிடம்தான் வரும். அதற்கு என்ன சொல்வது என்பதை முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். "சேச்சே, அப்படிலாம் பேசக் கூடாது" என்றால் குழந்தை இனி யாரிடமும் கேட்காது. "கேட்டது நல்லது. எதனால அப்படித் தோணுச்சு?" என்று கேட்டு, சொல்வதைக் கேட்டு, "இதுக்குச் சரியா பதில் சொல்ல டாக்டரையும் அம்மாவையும் கூட்டிட்டு வரேன், மத்தியானம் நானும் இருப்பேன்" என்று நேரம் குறித்துச் சொல்லலாம். சொன்ன நேரத்தில் வந்தே ஆக வேண்டும். வராமல் போவதைவிட, நேரம் சொல்லாமல் இருப்பது மேல்.

பதின்வயதினரைப் பெற்றோர் இல்லாமல் கொஞ்ச நேரமாவது தனியாகப் பார்க்க வேண்டும். எதை ரகசியமாக வைப்போம், உயிருக்கு ஆபத்து என்றால் எதை வைக்க மாட்டோம் என்பதைக் கேள்விகளுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் ஏமாற்றியதாக ஆகும். தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. அந்தப் பயத்தை இன்டர்னிடமிருந்து முதல் வாரமே எடுத்துவிடுங்கள். நான்கு கேள்விகளில் முடியும் ஏஎஸ்க்யூ என்ற சோதனையைப் பழக்கலாம். ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும், "இப்பவும் அந்த எண்ணம் இருக்கா?" என்ற ஐந்தாவது கேள்வி. அதற்கும் ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியே விட்டு நகரக் கூடாது, அறையிலிருந்தே உங்களுக்குப் போன். யாரை, எந்த எண்ணில், இரவு என்றால் யாரை என்பது அவர்கள் அடையாள அட்டையின் பின்புறம் எழுதியிருக்கட்டும்.

சர்க்கரை நோய் ஓபியில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. போன வாரம் ஒழுங்காக ஊசி போடத் தொடங்கிய பிள்ளையிடம் அந்த எண்ணைக் காட்டி "இன்னும் சரியா செய்யல" என்று சொல்லும் இன்டர்ன், நல்ல தொடக்கத்தைக் கெடுத்துவிடுவார். எடை கூடும் என்று வேண்டுமென்றே இன்சுலினைக் குறைக்கும் பெண் பிள்ளைகளும் உண்டு. "மறந்துட்டேன்" என்று சொல்பவர்களில் அவர்களும் இருப்பார்கள்.

குறிப்பு எழுதுவதில் கறாராக இருங்கள். பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆறு பக்க அறிக்கையை ரவுண்ட்ஸில் யாரும் படிக்கமாட்டார்கள். ஐந்தாறு வரி, முதல் வரியிலேயே பதில்: "கட்டு மாற்றும் பயம், முக்கியக் காரணம் வலி. வலிமருந்தை 45 நிமிடம் முன்பே தர முடியுமா என்று டீம் முடிவு செய்யவும். அம்மா பேச, நர்ஸ் கட்டு மாற்ற, நாளை 10 மணிக்கு நான் உடன் இருப்பேன்." வரலாறு தேவைப்பட்டால் அதற்குக் கீழே. குடும்பம் ஒருநாள் இதைப் படிக்கலாம் என்ற நினைப்போடு எழுத வேண்டும். அடி, துன்புறுத்தல் சந்தேகம் வந்தால் இன்டர்ன் விசாரணை நடத்தக் கூடாது. குழந்தை சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளாக எழுதி அன்றே உங்களிடம் கொண்டுவர வேண்டும்.

ஐக்யூ டெஸ்ட் பற்றி: காய்ச்சல், கீமோ, மயக்க மருந்து, தூக்கமில்லாத இரவு ஆகியவற்றுக்கு நடுவே எடுத்த எண் அந்தக் குழந்தையைப் பற்றி எதையும் சொல்லாது. ஆனால் வருடக்கணக்கில் பைலில் இருக்கும்.

உங்கள் பங்குக்கு வருகிறேன். இன்டர்ன் வந்து சொல்வதைக் கேட்டு மட்டும் மேற்பார்வை செய்யாதீர்கள். எட்டு முறை "ஒண்ணுமில்லடா" சொன்னவர் உங்களிடம் வந்து "நன்றாகப் போனது" என்பார். பொய் சொல்வதாக அர்த்தமில்லை, அவருக்கே தெரியாது. நீங்கள் அந்த அறையில் நின்றிருக்க வேண்டும். அமெரிக்க அங்கீகார விதிகள் முழுநேர இன்டர்னுக்கு வாரம் குறைந்தது 4 மணி நேர மேற்பார்வை, அதில் 2 மணி நேரம் தனியாக, என்று கேட்கின்றன. அவ்வளவு முடியாவிட்டாலும், அதில் ஒரு பகுதியாவது படுக்கையருகே நேரில் பார்ப்பதாக இருக்கட்டும். வரிசை இது: உங்களைப் பார்ப்பது, உங்களோடு சேர்ந்து செய்வது, நீங்கள் பார்க்க அவர் செய்வது, கடைசியாகத் தனியே. இதை மாதக் கணக்கில் நகர்த்தாமல், வேலைக்கு வேலை தனித்தனியாகக் குறித்துவையுங்கள். மாத்திரைப் பயிற்சியில் நான்காம் படியில் இருப்பவர், மரணத்தை எதிர்கொள்ளும் குடும்பத்திடம் முதல் படியில்தான் இருப்பார், பயிற்சி முடியும்வரைகூட அங்கேயே இருக்கலாம். திருத்தம் சொல்ல வெளியே வந்து இரண்டு நிமிடம் போதும். பெற்றோர் காதில் விழக் கூடாது.

அழுத இன்டர்ன் பலவீனமானவர் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இரண்டாம் நாளில் புற்றுநோய் வார்டு என்பதுதான் பிழை. இந்த முறை அந்த வார்டை ஆறாவது, ஏழாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். முதலில் உங்களோடு ரவுண்ட்ஸ் மட்டும். என்ன பார்க்க நேரும் என்று முந்தைய நாளே சொல்லுங்கள்: முடி கொட்டிய தலை, வாய்ப்புண், வாந்தி, திடீரெனக் காலியாகும் கட்டில். கண்ணில் நீர் வருவது குற்றமில்லை. அம்மா எழுந்து இன்டர்னைத் தேற்ற வேண்டிய நிலை வந்தால் மட்டும் வெளியே வரவேண்டும் என்ற எல்லையைச் சொல்லிவையுங்கள். ஒரு குழந்தை இறந்தால் அந்தச் செய்தியை இன்டர்ன் வார்டு நோட்டிஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நீங்களே சொல்லுங்கள். அதன்பிறகு பேச விரும்பினால் பேசலாம். எல்லாரையும் உட்கார வைத்துக் கட்டாயமாகப் பேசவைப்பது உதவுவதில்லை.

முதல் மாதம் முடிந்ததும் வார்டு நர்ஸ் பொறுப்பாளரிடமும் ரெஃபரல் அனுப்பிய இரண்டு டாக்டர்களிடமும் ஒன்று மட்டும் கேளுங்கள்: இன்டர்ன் எழுதியதைப் படித்து எந்தக் குழந்தைக்கு நீங்கள் எதை மாற்றிச் செய்தீர்கள்? ஒரு குழந்தையின் பெயரும் வரவில்லை என்றால், அந்த மாதக் குறிப்புகளை எடுத்துவைத்து அவற்றின் முதல் வரிகளை மட்டும் இன்டர்ன்களோடு உட்கார்ந்து படியுங்கள்.